நாதிருஸ் ஸமான் அபுல்ஹஸன்: ஒரு முகம் வரைஞரின் ஏற்றமும் இடறலும்

சென்ற ஆண்டு ஒரு பிற்பகல். பலாகா பாடம் முடிந்து மாணவர்கள் கலைந்த பின், நண்பர் ஒருவர் அனுப்பிவைத்திருந்த முகலாய ஓவியத் தொகுப்பு நூலொன்றை நாம் புரட்டிக்கொண்டிருந்தோம். நிறைவாண்டு மாணவர் ஒருவர் ஏதோ ஐயம் கேட்க வந்தவர், நூலைக் கண்டதும் வந்த ஐயத்தை விட்டுவிட்டு வேறொன்றைக் கேட்டார்: "ஹஸ்ரத், உயிருள்ளவற்றின் உருவம் வரைவது கூடாதென்று நீங்கள்தாம் எங்களுக்குப் பாடம் சொன்னீர்கள். இப்போது ஒரே பக்கத்தை இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களே?"

கேள்வியில் குறும்பு சிறிதும் இல்லை. எனவே விடையும் எளிதாக வரவில்லை. நம் சமுதாயத்தில் இவ்விஷயத்தில் ஓர் இரட்டை வழக்கு நெடுங்காலமாக நிலவுகிறது. மேடையில் ஏறினால், உலகுக்கு ஓவியக்கலையை அளித்தவர்களுள் நாமும் உண்டு என்று முகலாயரையும் ஸஃபவிகளையும் எடுத்துக்காட்டிப் பெருமிதம் கொள்கிறோம். மேடையிலிருந்து இறங்கினால், அதே ஓவியங்களை வீட்டுச் சுவரில் மாட்டலாமா என்று கேட்பவருக்கு வேறு விடை சொல்கிறோம். பெருமையும் தீர்ப்பும் ஒன்றையொன்று சந்திக்காமல் பார்த்துக்கொள்கிறோம். அம்மாணவர் அவ்விரண்டையும் ஒரே மேசையில் வைத்துவிட்டார்.

அன்று நாம் பார்த்துக்கொண்டிருந்த பக்கம், ஜஹாங்கீர் பாதுஷாவின் அவையில் முகம் வரைவதில் முதலிடம் பெற்ற அபுல்ஹஸன் என்பாரின் ஓவியம். அவருடைய கைவண்ணம் எங்கே தொடங்கியது, எவரெவரிடம் கற்றது, எதில் உயர்ந்தது, எங்கே இடறியது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்பதே அம்மாணவருக்கு நாம் கடன்பட்டிருக்கும் விடையின் ஒரு பகுதி என்று கருதுகிறோம்.

இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு நகரில் அஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் உள்ளங்கைக்குள் அடங்கும் சிறு ஓவியம் ஒன்று உள்ளது. கைகளைக் கோத்து, துயரத்தோடு நிமிர்ந்து நோக்கும் ஒரு மனிதரின் உருவம். ரிஸாவின் மகன் அபுல்ஹஸன் தன் பதின்மூன்றாம் வயதில் வரைந்தது என்று அதிலுள்ள குறிப்பு சொல்கிறது. ஆண்டு ஹிஜ்ரி 1009, அதாவது கி.பி. 1600. மூலம் இச்சிறுவனுடையதன்று. ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டூரர் 1511இல் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்ட சிலுவைக் காட்சியில், சிலுவையின் அடியில் நின்று அழும் யோவான் இவர். ஐரோப்பியப் பாதிரியார் குழு முதன்முதலாக 1580இல் அக்பரின் அவைக்கு வந்தது முதல், இத்தகைய அச்சுப்படங்கள் முகலாயச் சித்திரக்கூடத்தில் கைமாறத் தொடங்கியிருந்தன.

சிறுவன் சிலுவையை விட்டுவிட்டான். அழும் மனிதரை மட்டும் எடுத்துக்கொண்டான். இதை நம் அகீதாவின் வெற்றி என்று எழுதிவிட ஆசை எழத்தான் செய்கிறது. ஆனால் அதே சித்திரக்கூடத்தில் சிலுவைக் காட்சிகளையும் படியெடுத்திருக்கிறார்கள். ஆகவே அவன் உள்ளத்துக்கு நாம் சாட்சி சொல்ல முடியாது. கண்ணுக்குத் தெரிவதைச் சொல்லலாம். டூரரின் படம் உளி கீறிய கோடுகளால் ஆனது. நிழல் வேண்டிய இடத்தில் கோட்டுக்கு மேல் கோடாக அடுக்கியிருக்கிறது. அச்சிறுவனோ அக்கோடுகளைத் தூரிகையின் மென்மைக்குள் கரைத்துவிடுகிறான். துணி மடிப்பின் கனமும், முகத்தில் படும் ஒளியும் கோட்டால் அன்றிச் சாயத்தின் ஏற்ற இறக்கத்தால் உண்டாகின்றன. படியெடுப்பவன் மூலத்தின் எழுத்தை எடுப்பான். இவனோ அதன் பொருளை எடுத்து வேறு எழுத்தில் எழுதுகிறான்.

தந்தை ஆகா ரிஸா ஹிராத்தைச் சேர்ந்தவர். ஜஹாங்கீர் இளவரசர் ஸலீமாக இருந்த காலத்திலேயே அவரிடம் பணியில் சேர்ந்தார். அக்பரோடு பிணங்கி ஸலீம் 1600 முதல் அலஹாபாதில் தனி அவை நடத்தியபோது அச்சித்திரக்கூடத்துக்குத் தலைவர் போன்று விளங்கியவர் இவர். குல்ஷன் முரக்கா என்னும் புகழ்பெற்ற தொகுப்பின் ஓரங்களில் அவர் வரைந்த உருவங்களைக் காண்பவர், பாரசீக மரபின் ஒழுங்கு எவ்வளவு அழகானது என்பதை உணர்வர். கோடு ஓடும் வேகம், இடையின் வளைவு, தலைப்பாகையின் கட்டு எல்லாம் கச்சிதம். ஆனால் முகங்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன. இது குறையன்று, அம்மரபின் நோக்கமே அது. பாரசீகக் கவிதையில் முழுமதி முகம் என்றால் அது எவருடைய முகமுமன்று, அழகின் முகம். ஆகா ரிஸா இந்தியாவுக்கு வந்தும் ஹிராத்தை விட்டு வெளியே வரவில்லை. ஜஹாங்கீர் தம் நினைவுக்குறிப்புகளில், தந்தையின் பணிக்கும் மகனின் பணிக்கும் ஒப்பீடே இல்லை என்று ஒளிவுமறைவின்றி எழுதிவிட்டார். சற்றுக் கடுமையான தீர்ப்புத்தான். தந்தையின் கோடு இல்லாமல் மகனின் முகம் இல்லை என்பதைப் பாதுஷா எண்ணிப்பார்க்கவில்லை போலும்.

1604 முதல் 1610 வரை உருவான அன்வாரெ ஸுஹைலீ என்னும் கதைநூற்சுவடி, இப்போது லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது. அதில் தந்தையும் மகனும் அடுத்தடுத்த பக்கங்களைப் பகிர்ந்துகொள்கின்றனர். கலீலா வதிம்னாவை அரபியில் பயிற்றுவிக்கும் எம்மைப் போன்றோருக்கு அச்சுவடி மீது தனி ஈர்ப்பு உண்டு. பாரசீகத்தில் அது அக்கதைகளின் மறு பிறப்பல்லவா! எனினும் இங்கே அதை விரித்தல் பொருந்தாது. சினார் மரத்தில் அணில்கள் விளையாடும் புகழ்பெற்ற ஓவியம் அபுல்ஹஸனுடையதா, விலங்கோவியர் உஸ்தாத் மன்ஸூருடையதா, இருவருடையதுமா என்ற வழக்கையும் அறிஞர்களிடமே விட்டுவிடுவோம். எமது கவனம் முகங்களின் மீது.

ஜஹாங்கீர் விசித்திரமான ரசிகர். ஓர் ஓவியத்தைக் கண்டால் அது இன்னாரின் கை என்று தம்மால் உடனே சொல்ல முடியும் என்றும், ஒரே முகத்தில் கண்ணையும் புருவத்தையும் மற்றொருவர் வரைந்திருந்தாலும் எது எவருடையது என்று பிரித்துக் காட்ட முடியும் என்றும் எழுதிவைத்தார். மிகைக்கூற்றாக இருக்கலாம். ஆனால் இத்தகைய கண்ணுக்கு முன்னால் தினமும் படத்தை நீட்ட வேண்டியிருந்த ஓவியரின் நிலையை எண்ணிப் பாருங்கள். முகம் என்பது அவ்வவையில் வெறும் அழகாக இருந்து தப்பிக்க முடியாது. இன்னாருடையது என்று சொல்லியாக வேண்டும். பாரசீக வழக்கில் 'ஷபீஹ்' என்பது இதுதான். அரபி வேரை எடுத்தால் ஒப்பு, சாயல். இல்முல் பயானில் நாம் பயிற்றுவிக்கும் 'தஷ்பீஹ்' என்பதும் அதே வேரில் முளைத்த கிளை. உவமையும் உருவப்படமும் ஒரே சொற்குடும்பம் என்பதை நம் மாணவர்கள் பலர் கவனித்திரார்.

ஆங்கில அரசரின் தூதராக 1615இல் வந்த சர் தாமஸ் ரோ ஒரு நிகழ்ச்சியைப் பதிவுசெய்திருக்கிறார். தம்மிடமிருந்த சிற்றோவியம் ஒன்றைப் போல் வேறெவரும் வரைய இயலாதென்று அவர் எண்ணியிருந்தார். பாதுஷா தம் ஓவியரைக் கொண்டு படிகள் எடுக்கச் செய்து, இரவில் விளக்கொளியில் மூலத்தையும் படிகளையும் ஒருசேர அவர்முன் வைத்தார். மூலம் எது என்று கண்டுகொள்ளத் தாம் திண்டாடிப் போனதாகத் தூதரே ஒப்புக்கொள்கிறார். ஓவியர் யார் என்று அவர் பெயர் சொல்லவில்லை. பெயர் எதுவாயினும், அக்கூடம் ஐரோப்பியக் கலையைக் கண்டு வாய்பிளந்து நிற்கும் நிலையை அப்போதே கடந்திருந்தது என்பது தெளிவு.

அபுல்ஹஸனின் கை உச்சத்தை எட்டுவது 1614 முதல் 1620 வரையிலான ஆண்டுகளில். பாரிஸ் கீமே அருங்காட்சியகத்தில், ஜஹாங்கீர் தம் தந்தை அக்பரின் படத்தைக் கையிலேந்தி நோக்கும் ஓவியம் உண்டு. அக்பர் 1605இலேயே மறைந்துவிட்டார். தந்தைக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்த மகன், அவர் இறந்து பத்தாண்டு ஆகும் தறுவாயில், அவர் படத்தைக் கையிலெடுத்துப் பார்க்கிறார். படத்துக்குள் இருக்கும் அந்த அக்பரை வரைந்தவர் அபுல்ஹஸன் என்பர். ஜஹாங்கீரை வரைந்தவர் ஹாஷிம். முதுமை எய்திய அக்பரின் முகத்தில் வெற்றிக்களிப்பு இல்லை.

லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இளவரசர் குர்ரம், அதாவது பின்னாளைய ஷாஜஹான், தலைப்பாகை நகையொன்றைக் கையில் ஏந்தி நிற்கிறார். தம் இருபத்தைந்தாம் வயதில் எடுத்த நல்ல சாயல் இது என்று இளவரசரே தம் கைப்பட அதில் குறிப்பெழுதியிருக்கிறார். எம் கருத்தில் இதுவே அபுல்ஹஸன் வரைந்த அரச உருவங்களுள் தலைசிறந்தது. தந்தை ஹிராத்திலிருந்து கொண்டுவந்த கோட்டின் தூய்மை இங்கே உண்டு. ஐரோப்பிய அச்சுப்படங்களிலிருந்து கற்ற, சதையின் கீழ் எலும்பை உணர்த்தும் நிழலும் உண்டு. இந்திய ஓவியர் விரும்பிய பக்கவாட்டு முகத்தின் கண்டிப்பும் உண்டு. மூன்றும் தனித்தனியே தெரியவில்லை. செல்வாக்குகள் கரைந்துபோன இடத்தில்தான் ஓர் ஓவியர் தம் பெயரைப் பெறுகிறார்.

ராம்பூர் ரஸா நூலகத்திலுள்ள நூர்ஜஹான் படத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். அந்தப்புரப் பெண்டிரை நேரில் கண்டு வரைவது அக்கால ஓவியர்க்கு இயல்வதன்று. ஆகவே பெண் உருவங்கள் பெரும்பாலும் பெயரற்ற அழகிகளாகவே நின்றுவிட்டன. இப்படத்திலோ அரசியார் வேட்டைக்கோலத்தில், நீண்ட துப்பாக்கிக்கு மருந்து கிட்டித்து நிற்கிறார். அவர் 1617இல் ஆறு குண்டுகளில் நான்கு புலிகளை வீழ்த்தியதை ஜஹாங்கீர் பெருமையோடு குறித்துள்ளார். படத்திலும் அலங்காரத்தை விட வேலைதான் முன்னால் நிற்கிறது; கையும் கண்ணும் துப்பாக்கியில். இப்படி ஒரு முஸ்லிம் அரசியை வரைந்த படம் நம் வரலாற்று நூல்களில் ஏன் அடிக்கடி இடம்பெறுவதில்லை என்பது எமக்கு வியப்பே.

1618ஆம் ஆண்டு ஜஹாங்கீர்நாமாவின் முகப்புக்காக முடிசூட்டுக் காட்சியை வரைந்து அபுல்ஹஸன் அவையில் நீட்டினார். 'நாதிருஸ் ஸமான்', காலத்தின் அரியவர், என்ற பட்டம் கிடைத்தது. மன்ஸூருக்கு 'நாதிருல் அஸ்ர்'. ஸமான், அஸ்ர் இரண்டும் காலம் என்றே பொருள்படினும் அஸ்ர் என்பது ஒரு குறிப்பிட்ட யுகத்துக்குள் அடங்குவது, ஸமான் என்பது அதனினும் விரிந்தது. பாதுஷா இவ்வேறுபாட்டை எண்ணித்தான் பட்டங்களைப் பங்கிட்டாரா என்று சொல்ல முடியாது. ஆனால் இலக்கணம் படித்தவனுக்கு இத்தகைய இடங்களில் மனம் நின்றுவிடுகிறது. அதே பதிவில், பிஹ்ஸாதும் அப்துல் ஹய்யும் இன்று இருந்திருந்தால் இவருக்கு உரிய மதிப்பை அளித்திருப்பர் என்றும், சிறு வயது முதல் தாமே மேற்பார்த்து வளர்த்ததாகவும் ஜஹாங்கீர் எழுதுகிறார். 'கானஸாத்', வீட்டிலே பிறந்தவர், என்று அவரைக் குறிப்பிடுகிறார். இச்சொல்லைக் கருத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். அரண்மனையிற் பிறந்து அரண்மனையில் வளர்ந்தவருக்கு அரண்மனைக்கு வெளியே ஒரு முகவரி இல்லை.

1620ஆம் ஆண்டையொட்டி வரைந்த ஜரோகா தரிசனப் படத்தில் ஜஹாங்கீர் மேலே சாளரத்தில் வீற்றிருக்க, கீழே அவையோரும் முறையீட்டாளரும் நெருக்கியடித்து நிற்கின்றனர். புகழ்பெற்ற நீதிச் சங்கிலியும் அங்கே தொங்குகிறது. ஒவ்வொரு சிறு முகமும் தனி முகம். கூட்டத்தை இப்படி வரைந்தவர் கூட்டத்தைப் பார்த்தவர்தாம்.

இனி இடறலுக்கு வருகிறோம்.

ஏறத்தாழ இதே ஆண்டுகளில் அபுல்ஹஸனின் தூரிகை வேறொரு வேலைக்கும் அமர்த்தப்பட்டது. பூமியுருண்டையின் மேல் நிற்கும் பாதுஷா, தலையைச் சுற்றிப் பொன்னொளி வட்டம், மேகத்திலிருந்து ஆயுதம் நீட்டும் சிறகு முளைத்த குழந்தைகள். ஐரோப்பிய அச்சுப்படங்களிலிருந்து அன்று யோவானின் கண்ணீரை எடுத்த அதே கை, இன்று உருண்டையையும் சிறகுகளையும் எடுக்கிறது. செல்வாக்கின் ஊற்று ஒன்றுதான். மொண்டுகொள்ளும் பாத்திரம் மாறிவிட்டது.

இவ்வோவியங்களை எவ்வாறு எடைபோடுவது? மேலை விமர்சகர் பலர் இவற்றை முகலாயக் கலையின் சிகரம் என்கின்றனர். நம்மவர் சிலர் வெறும் முகத்துதி என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுகின்றனர். எம்மிடம் இருப்பது மதரஸாவில் கற்ற ஓர் அளவுகோல். இல்முல் பதீஉவில் முபாலகா, தமிழணி நூலார் உயர்வு நவிற்சி என்பார்களே அது, மூவகைப்படும் என்று கஸ்வீனியின் தல்கீஸைப் படித்தோர் அறிவர். சொல்லப்படுவது அறிவுக்கும் வழக்கத்துக்கும் இயலுமாயின் அது தப்லீஃக். அறிவுக்கு இயன்று வழக்கத்தில் நிகழாததாயின் இஃக்ராக். இரண்டுக்கும் இயலாததாயின் குலுவ்வு. முதலிரண்டும் ஏற்கத்தக்கவை. குலுவ்வு பொதுவில் தள்ளத்தக்கது. எனினும் அதை உண்மைக்கு அருகே கொணரும் ஒரு சொல் சேர்ந்தால் ஏற்கப்படும். 'யகாது', கிட்டத்தட்ட என்னும் சொல், அத்தகையது. நெருப்புத் தீண்டாமலே ஒளிர்ந்துவிடும் போலிருக்கும் எண்ணெயைப் பற்றிச் சூரத்துன் நூர் பேசும் இடத்தை ஆசிரியர்கள் இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்வதுண்டு.

ஓவியத்தில் 'யகாது' கிடையாது. கவிஞன் "வான்முட்டும் போல" என்று சொல்லித் தப்பிக்கலாம். தூரிகை அந்தப் 'போல'வை எங்கே வரையும்? வரைந்தது வரைந்ததுதான். இதுவே இவ்வகைப் படங்களின் அடிப்படை இக்கட்டு.

அபுல்ஹஸனுக்கு இது தெரிந்திருந்தது என்று எண்ண இடமுண்டு. வாஷிங்டன் ஃப்ரீர் கலைக்கூடத்திலுள்ள படம் ஒன்றில் ஜஹாங்கீர் ஈரான் மன்னர் ஷாஹ் அப்பாஸைத் தழுவி நிற்கிறார். இருவரும் வாழ்நாளில் ஒருமுறையும் சந்தித்தவரல்லர். ஜஹாங்கீர் நெடிதுயர்ந்து நிற்க, ஷாஹ் சிறுத்து, கூனிக் குறுகித் தோன்றுகிறார். காலடியில் சிங்கமும் ஆடும் படுத்திருக்கின்றன. சிங்கம் ஜஹாங்கீரின் பக்கம், அது ஆட்டை மெல்ல மேற்கே தள்ளிக்கொண்டிருக்கிறது. ஆனால் இது தாம் கண்ட கனவு என்னும் பாதுஷாவின் எழுத்து அப்படத்தில் இருக்கிறது. அந்தக் கனவுதான் இங்கே 'யகாது'. நிகழாததை நிகழ்ந்ததாக அல்லாமல் கண்டதாகச் சொல்கிறது படம். இஃக்ராக் என்னும் எல்லைக்குள் நின்றுவிடுகிறது. சில ஆண்டுகளிலேயே, 1622இல், ஷாஹ் அப்பாஸ் கந்தஹாரைக் கைப்பற்றிக்கொண்டார். ஆடு அவ்வளவு சாதுவாக இல்லை. கனவு என்று எழுதிவைத்ததால் படம் பொய்த்துப்போகாமல் பிழைத்தது.

டப்ளின் செஸ்டர் பீட்டி நூலகத்திலுள்ள மற்றொரு படத்துக்கு இந்தக் காப்பு இல்லை. அன்று மாணவர் வந்தபோது திறந்திருந்த பக்கம் அதுவே. மீனின் மேல் எருது, எருதின் மேல் பூமியுருண்டை, உருண்டையின் மேல் ஜஹாங்கீர். வில்லை வளைத்து அம்பெய்கிறார். எதிரே நட்டுவைத்த ஆயுதத்தின் முனையில் கறுத்த மனிதரொருவரின் வெட்டுண்ட தலை. அதன் மேல் ஆந்தை. அந்தத் தலை மாலிக் அம்பருடையது.

மாலிக் அம்பர் யார் என்று நம் வாசகர்க்கு நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. அபிசீனியாவில் பிறந்து, அடிமையாக விற்கப்பட்டு, கைமாறிக் கைமாறித் தக்காணம் வந்து சேர்ந்து, அஹ்மத்நகர் நிஸாம்ஷாஹி அரசைத் தாங்கி நிறுத்தியவர். பின்னாளில் அவுரங்காபாத் எனப்பட்ட கட்கி நகரை 1610இல் நிறுவியவர். முகலாயப் படைகளை ஆண்டுக்கணக்கில் மலைகளுக்கிடையே அலையவிட்டவர். 1624இல் பட்வாடியில் முகலாயரும் பீஜப்பூராரும் கூடிவந்தபோதும் முறியடித்தவர். ஜஹாங்கீர் அவரை வென்றதில்லை, நேரில் கண்டதுமில்லை. அவரது தலை எந்த ஈட்டியிலும் ஏறவில்லை. 1626இல், எண்பதை எட்டும் அகவையில், அதிகாரத்தில் இருந்தவாறே அவர் மறைந்தார். ஜஹாங்கீரின் வரலாற்றை எழுதிய முஃதமத் கான் கூட அம்பரின் இறப்பைக் குறிக்கும் இடத்தில் போர்த்திறத்திலும் ஆட்சித்திறத்திலும் இணையற்றவர் என்று மனம்திறந்து பாராட்டியிருக்கிறார். எழுத்தாளரால் இயன்றது ஓவியரால் இயலவில்லை.

இது குலுவ்வு, அதுவும் தள்ளத்தக்க குலுவ்வு. அழகிய கற்பனை அடங்கியிருந்தால் குலுவ்வும் ஏற்கப்படும் என்று தல்கீஸ் சொல்கிறதே என நம் சக ஆசிரியர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. மீனும் எருதும் உருண்டையும் அழகிய கற்பனைதாம். அவற்றின் மீது எமக்கு வழக்கில்லை. ஆனால் அக்கற்பனையின் நடுவே ஒரேயொரு பொருள் மட்டும் கற்பனையாக வரையப்படவில்லை. தோலின் நிறம், தொங்கும் வாய், மூடிய கண் எல்லாம் ஷபீஹின் முழுத் துல்லியத்தோடு இருக்கின்றன. சாயல் பிடிப்பதற்கென்று இருபதாண்டு பழக்கிய கை, நிகழாத மரணத்துக்குச் சாட்சி சொல்ல அழைக்கப்பட்டிருக்கிறது. ஓவியம் மோசமாக இருந்திருந்தால் பழுதில்லை, சிரித்துவிட்டுப் போகலாம். நன்றாக இருப்பதே குற்றம். மேலும் படத்திலுள்ள எழுத்துகள் அம்பரின் நிறத்தை இரவோடும் ஆந்தையோடும் இணைக்கின்றன. நிறத்தைக் குறையாகச் சொல்வது எந்த உம்மத்தின் மன்னருக்கும் அழகன்று. பிலால் (ரலி) அவர்களின் பாங்கைக் கேட்ட உம்மத்தின் மன்னருக்கு ஒருபோதும் அழகன்று.

இன்னும் இரு படங்களை அருகருகே வைக்க விரும்புகிறோம். அபுல்ஹஸனுடையதென அறிஞர் கருதும் ஓவியம் ஒன்றில், கோலூன்றி வளைந்து நிற்கும் முதிய பயணி ஒருவர் இருக்கிறார். அரண்மனைக்கும் அவருக்கும் தொடர்பில்லை. வற்றிய உடல், வெண்தாடி, பார்வை தரையில். எந்தப் பாதுஷாவுக்கும் கொடாத கருணையை அந்த முதுகின் வளைவுக்கு ஓவியர் கொடுத்திருக்கிறார். லாஸ் ஏஞ்சலிஸ் அருங்காட்சியகத்தில் 1620க்குப் பிந்திய மற்றொரு படம். ஜஹாங்கீர் வறுமையை அம்பெய்து கொல்கிறார். வறுமை அங்கே ஓர் ஆள்: கறுத்து மெலிந்த ஏழைக் கிழவர். அம்புகள் அவர் மீது பாய்கின்றன. வறுமையை ஒழிக்கும் வேந்தன் என்பது பொருள். கண்ணுக்குத் தெரிவதோ ஓர் ஏழையைக் கொல்லும் வேந்தன். உருவகம் பொருளை விட்டு நழுவி உருவத்தில் மாட்டிக்கொண்டது. சொல்லில் 'வறுமையைக் கொன்றான்' என்பது இஸ்திஆரா, குற்றமில்லை. தூரிகையில் வறுமைக்கு ஓர் உடல் வேண்டியிருக்கிறது. அந்த உடலுக்கு எங்கே போவது? முதிய பயணியை வரைந்து கற்ற எலும்பும் தோலும்தான் கையில் இருந்தன.

முகலாய ஓவியர் தம் படத்தில் கையொப்பமிடும்போது பெயருக்கு முன் 'அமல்' என்று எழுதுவது வழக்கம். இன்னாரின் அமல். அரபி அறிந்தவருக்கு அச்சொல் செய்கை என்பதோடு நிற்பதில்லை; மறுமையில் ஏட்டில் திறந்து காட்டப்படுவதும் அமல்தான். கானஸாதாகப் பிறந்தவர் பாதுஷாவின் கனவை வரைந்தார், வெறுப்பை வரைந்தார், தற்பெருமையை வரைந்தார். மறுத்திருக்க முடியுமா என்று கேட்டால், முடிந்திராது என்றே எண்ணுகிறோம். ஆனாலும் கையொப்பம் அவருடையது.

1627இல் ஜஹாங்கீர் மறைந்தார். ஷாஜஹானின் அவையில் நாதிருஸ் ஸமானின் படங்கள் அருகிப்போகின்றன. புதிய பாதுஷாவுக்கு வேண்டியிருந்தது பளிங்கைப் போல் இழைத்த, சலனமற்ற அவைக்காட்சிகள். பாதுஷாநாமாவின் ஓவியங்களுள் சில, அவருடைய தம்பி ஆபிதுடையவை. அண்ணனின் முகங்களிலுள்ள உயிர்ப்பைத் தம்பியிடம் எதிர்பார்ப்பது முறையன்று. காலம் அதைக் கேட்கவுமில்லை.

உயிர்ப்பு என்று எழுதும்போதே மாணவரின் கேள்வி திரும்ப வந்து நிற்கிறது. உருவம் வரைந்தோரை, வரைந்ததற்கு உயிரூட்டுங்கள் என்று மறுமையில் பணிக்கப்படும், அவர்களால் இயலாது என்னும் கருத்துள்ள நபிமொழியை அவர் எம்மிடமே படித்தவர். இமாம் நவவி (ரஹ்) அவர்கள் நிழல் விழும் உருவம், விழாத உருவம் என்று பாகுபடுத்தாமல் இரண்டையும் தடுக்கப்பட்டதாகவே கொள்கிறார்கள். மாலிகி மத்ஹபின் அறிஞர் பலர் நிழலற்றதில் அவ்வளவு கடுமை காட்டவில்லை. அக்பரோ, ஓவியன் கைகால்களை ஒவ்வொன்றாக வரைந்தும் உயிர் கொடுக்க இயலாமற்போவதை உணர்ந்து இறைவனை அறிகிறான் என்று சொன்னதாக அபுல் ஃபஸ்ல் எழுதிவைத்திருக்கிறார். கூர்ந்து நோக்கின் அக்பரின் வாதம் அந்த நபிமொழியிலிருந்தே எடுக்கப்பட்டது. மறுமையில் உணர்த்தப்படும் இயலாமையை அவர் இம்மைக்கு இழுத்துக்கொண்டார். சாமர்த்தியமான வாதம். ஆனால் மாலிக் அம்பரின் தலையை வரைந்தபோது, உயிர் கொடுக்க இயலாத கை உயிரை எடுத்துக்காட்ட முயன்றதே, அதற்கு அக்பரின் வாதத்தில் இடமில்லை.

இவையனைத்தையும் அன்று நாம் மாணவரிடம் சொல்லவில்லை. இஃது ஆராயத்தக்க கேள்வி, வரையும் கையைத் தீர்ப்பதும் வரைந்ததை அறிவதும் இருவேறு பாடங்கள் என்று மட்டும் சொன்னோம். அவருக்கு அது போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. சற்று நேரம் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், "இந்தத் தலை யாருடையது, ஹஸ்ரத்?" என்று கேட்டார். சொன்னோம். "உண்மையில் வெட்டினார்களா?" இல்லை என்றோம். அவர் உயிரோடு இருக்கும் படம் ஏதும் உண்டா என்று கேட்டார்.

உண்டு. ஹாஷிம் வரைந்தது. தக்காணத்தில் பயின்று முகலாய அவைக்கு வந்தவர் ஹாஷிம். அம்பரின் நாட்டை அறிந்த கை. பக்கங்களைப் புரட்டி அதைக் கண்டெடுத்துக் கொடுத்தோம். வெண்ணிற ஆடையில், பக்கவாட்டில் திரும்பி, முதுமையின் கனத்தோடு தரையில் கால் ஊன்றி நிற்கிறார் மாலிக் அம்பர். உருண்டை இல்லை, சிறகுகள் இல்லை, ஒளிவட்டம் இல்லை. மாணவர் நின்றவாறே நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அஸருக்குப் பாங்கு சொன்னார்கள். நூலை மூடி வைத்துவிட்டு இருவரும் ஒளுவுக்குச் சென்றோம்.